கிறிஸ்தவ ஆசிரம இயக்கமும் பெங்களூரும்

கிறிஸ்தவ ஆசிரம இயக்கம் என்பது புராட்டஸ்டன்ட் சபையாரும் கத்தோலிக்கரும் தனித்தனியே தொடங்கி, இந்தியத் துறவு மரபுக்குள் தங்கள் விசுவாசத்தைப் புதுப்பிக்க முயன்ற 20ஆம் நூற்றாண்டு இயக்கம். முதல் அடி கத்தோலிக்கருடையது. வங்காளத்தின் பிரம்மபாந்தவ உபாத்யாயர் 1899இல் ஜபல்பூரில் ஒரு மடம் தொடங்கினார். திருச்சபை மேலிடம் இசையவில்லை, மடம் நிலைக்கவில்லை.

அதன் பின் புராட்டஸ்டன்ட்டுகள் முந்தினர். மருத்துவர்கள் சவரிராயன் ஏசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டனும் 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். கதர், பிரம்மச்சரியம், ஏழைகளுக்கு மருத்துவம், திராவிடக் கோயில் பாணியில் ஜெபாலயம் என அமைந்தது அந்த வாழ்வு. தேசிய இயக்கத்தோடு அதற்கு இருந்த உறவு வெறும் உடையளவில் நிற்கவில்லை: 1932இல் சென்னையில் கதர் அணிந்து நின்ற பேட்டனைப் போலீசார் தாக்கினர்.

குளித்தலை அருகே ஜூல் மோன்சனெனும் ஆன்றி லெ சோவும் 1950இல் தொடங்கிய சாந்திவனம் வேறு தாகத்தில் பிறந்தது. திருப்பத்தூர் தொண்டில் தேடியதைச் சாந்திவனம் மௌனத்திலும் அத்வைதச் சிந்தனையிலும் தேடியது. பின்னாளில் அதை வழிநடத்திய பீட் கிரிஃபித்ஸ், 1955இல் இந்தியா வந்ததும் முதலில் குடியமர்ந்தது பெங்களூரை அடுத்த கெங்கேரியில்தான்.

ஆசிரமங்களுக்குள் இருந்ததைப் பங்குக் கோயில்களுக்குக் கொண்டுசென்ற நகரமும் பெங்களூரே. இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) கதவைத் திறந்தபின், தென்னார்க்காட்டுக் கள்ளேரியில் பிறந்த அருட்தந்தை து. ச. அமலோற்பவதாஸ் 1967இல் இங்கே தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தைத் தொடங்கினார். திருப்பலியில் தரையில் அமர்தல், அஞ்சலி, ஆரத்தி, எண்ணெய் விளக்கு உள்ளிட்ட 12 மாற்றங்களுக்கு 1969 ஏப்ரலில் ரோம் இசைவளித்தது. அப்போது பெங்களூர் பேராயர் அவருடைய அண்ணன் சைமன் லூர்துசாமி. எதிர்ப்பு கடுமையாக இருந்தது. இந்து வழிபாடு நுழைகிறது என்று பல விசுவாசிகள் கலங்கினர்.

அதைவிட ஆழமான கேள்வி பிறகு எழுந்தது. 1981இல் பெங்களூரின் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரை தலித் இறையியலுக்கு வித்திட்டது. இந்தியத் திருச்சபையின் பெரும்பான்மை தலித் மக்கள். அவர்களை ஒதுக்கிய பிராமண மரபையா இந்தியத்தன்மை என்று ஏற்பது? இக்கேள்வி இரு சபை ஆசிரமங்களையும் ஒருசேரத் தொட்டது. கத்தோலிக்கத் தலித் சிந்தனையாளர்களும் சாந்திவனத்தின் சமஸ்கிருத வழிபாட்டை இதே கேள்வியோடு அணுகினர்.