சீட்டும் உறக்கமும்

மீஞ்சூரைத் தாண்டி வடக்கே செல்லும் மின்ரயில் அனுப்பம்பட்டில் நின்று பொன்னேரியை அடைகிறது. அங்கிருந்து கிழக்கே சென்றால் பழவேற்காடு. ஏரிக்கரைக் குப்பங்களில் தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம் ஒன்றுண்டு; அதன் பெயர் பாடு. மீனும் இறாலும் மிகுந்த இடங்களுக்காகச் சண்டை மூளாதபடி, யாருக்கு எந்த இடம், எந்த முறை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். (இப்பங்கீட்டில் இடம்பெறாத மீனவரும் அக்கரையில் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும்.) யூதாசின் இடத்திற்கு மத்தியாவைத் தேர்ந்தபோது திருத்தூதர்களும் சீட்டுத்தானே குலுக்கினார்கள்! ஆயினும் சிலுவையடியில் ஆண்டவரின் அங்கிக்காகப் படைவீரர் போட்டதும் சீட்டுத்தான்.

இவ்விரண்டாம் வகைச் சீட்டை நம் மாநிலத்தில் அரசே விற்றது. அறிஞர் அண்ணா முதலமைச்சராயிருந்த 1968இல் பரிசுச் சீட்டுத் திட்டம் தொடங்கிற்று. இடையில் நின்றும் மீண்டும் உயிர்பெற்றும் வந்த லாட்டரி, 2003 ஜனவரியில் முற்றிலும் தடைசெய்யப்பட்டது. அன்றாடக் கூலியை அதில் தொலைத்த குடும்பங்களை நாம் அறிவோம். எனினும் பழைய லாட்டரியில் ஒரு நன்மை இருந்ததென்று இப்போது எண்ணத் தோன்றுகிறது. முடிவு நாளிதழில் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை மனிதன் உறங்கலாம். பின்னர் வந்த ஒரு நம்பர் லாட்டரி அந்த இடைவெளியைச் சுருக்கியது. கைப்பேசி ரம்மியோ அதனை அறவே ஒழித்தது.

இடைவெளி ஒழிந்தால் மூளைக்கு என்ன நேர்கிறது? பரிசு கிடைக்குமா, கிடைக்காதா என்பது சரிபாதி ஐயமாக இருக்கும் வேளையில்தான், காத்திருக்கும் மூளையின் டோபமின் நரம்பணுக்கள் மிகுதியாகத் துடிக்கின்றன. இதனை வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குழுவினர் குரங்குகளிடம் ஆராய்ந்து 2003இல் வெளியிட்டனர். மயிரிழையில் தவறிய ஆட்டமும், தோல்வியாயிருந்தும், வெற்றியில் கிளர்ச்சியுறும் பகுதிகளையே தூண்டுகிறது என்று லூக் கிளார்க் குழு 2009இல் கண்டது. இதயம் விரைகிறது, கார்டிசால் என்னும் சுரப்பு ஏறுகிறது. இவையெல்லாம் விழித்திருப்பதற்கான ஏற்பாடுகள். நள்ளிரவில் கைப்பேசியை மூடிவைத்தவனுக்கு உடனே எப்படி உறக்கம் வரும்?

அதனினும் கொடியது மறுநாள் நிகழ்வது. வினோத் வெங்கட்ராமன், மைக்கேல் சீ முதலியோர் ஓரிரவு உறங்காதவர்களைச் சூதாட்டச் சோதனைகளில் ஈடுபடுத்தி, 2007இலும் 2011இலும் முடிவுகளை வெளியிட்டனர். உறக்கம் இழந்த மூளையில் இலாப ஆசை ஓங்குகிறது, நட்டத்தின் உறுத்தல் மங்குகிறது. ஆகவே விட்டதைப் பிடிக்கும் வெறியோடு அவன் திரும்பவும் அமர்கிறான். சூதில் பெறும் வெற்றியை, தூண்டில் முள்ளை இரையென்று விழுங்கும் மீனுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். ஏரிக்கரை மக்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமோ!

தமிழக அரசு 2022இல் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2025 பிப்ரவரியில், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணிவரை பூட்டுப் போட்டது. நிறுவனங்கள் வழக்காடின, சென்னை உயர்நீதிமன்றம் ஜூனில் அவ்விதியை ஏற்றது. அதே ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணவிளையாட்டு முழுவதையுமே தடுத்துச் சட்டம் இயற்றியது. எளியவனின் உறக்கத்துக்கு வேலி கட்ட 2025வரை காத்திருந்தோம் என்பதே நமக்கு வருத்தம்.

நம் இல்லமும் தூயதன்று. பங்குத் திருவிழாக்களில் ஆலய நிதிக்கெனக் குலுக்கல் சீட்டு விற்கிறோம். தன் தேவைக்கும் பிறர் தேவைக்கும் வேண்டியதைப் பறிக்காதவரை அத்தகைய ஆட்டம் தன்னளவில் நீதிக்கு முரணன்று என்றே திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2413) கூறுகிறது. அந்த வேட்கை மனிதனை அடிமையாக்கக் கூடும் என்றும் அங்கேயே எச்சரிக்கிறது. அடுத்த திருவிழாவுக்குச் சீட்டுப் புத்தகம் அச்சிடுமுன், பங்குப்பேரவையில் இந்த எண்ணை ஒருமுறை உரக்க வாசித்துப் பார்ப்போம்.