பழைய மணிக்கு மங்கல் வந்த கதை

கவரைப்பேட்டையில எங்க தெருவுல கண்ணாடி மணி செய்கிற தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, பழங்கால மணி மாதிரி மங்கலா வரணும். ஆசிட் வாங்கலாமா?"

அந்தப் பழைய மணிகளுக்கு மங்கல் எப்படி வந்தது? 1945இல் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் கண்ணாடியைக் குழலாக இழுத்து, துண்டாக்கி, மறுபடி சூடுகாட்டி முனை மழுக்கினார்கள். உலையை விட்டு வந்தபோது மணி பளபளவென்றுதான் இருந்திருக்கும். பிறகு மண்ணின் ஈரம் பல நூற்றாண்டுகள் கண்ணாடியிலிருந்த சோடாவை மெல்லக் கரைத்தது. மேற்பரப்பு சொரசொரப்பானது, ஒளி சிதறியது. அதுதான் மங்கல்.

அதையே நிமிஷத்தில் செய்வது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். 1771இல் ஷீலே ஆராய்ந்தது. கண்ணாடியையே தின்னும். தோலில் பட்டால் உடனே வலிக்காமலும் இருக்கலாம். உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். உயிரே போகலாம். கடையில் விற்கும் எட்சிங் கிரீம்களிலும் பெரும்பாலும் ஃபுளோரைடு உப்புதான்.

நம்ம ரயில் பாதையிலேயே, திருவொற்றியூரில், சாணைக்கல் செய்கிறார்கள். அதற்கான கார்போரண்டம் தூளே இதற்கும் போதும். தூள், தண்ணீர், மணி மூன்றையும் மூடிய உருளையில் போட்டு மோட்டாரில் மெதுவாகச் சுழலவிடணும். எப்போதும் ஈரமாகவே இருக்கணும். காய்ந்த தூள் நுரையீரலுக்கு ஆகாது. கழுவிய சேற்றைச் சாக்கடையில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும்.

"நேரமாகுமேண்ணே" என்றார். மண் எடுத்துக்கொண்ட காலத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டு மோட்டார் தேடப் போனார்.