நொச்சி சூடியவர்கள்

புறத்திணைகளை மாணவர்க்குக் கற்பிக்கும் தமிழாசிரியர் ஒரு செய்தியைக் கவனித்திருப்பர். பகைவரின் மதிலை வளைத்துப் பொருவதை உழிஞைத் திணை என்றது தொல்காப்பியம். அம்மதிலுக்குள் நின்று அதனைக் காப்பவர்க்கு அந்நூல் தனித்திணை வகுக்கவில்லை. அவர்தம் செயலும் உழிஞைக்குள்ளேயே அடங்கிற்று. சங்கப் பாடல்களிலேயே நொச்சிப் பூவும் மதில் காவலும் இணைந்து வருகின்றன. எனினும், பின்வந்த ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையில்தான் நொச்சி தனித்திணையாக நின்று காட்சி தருகிறது. தாக்கியவனுக்கு இலக்கணத்தில் முதலில் பெயர் கிடைத்தது. காத்தவனுக்குப் பெயர் கிடைக்கப் பல நூற்றாண்டுகள் ஆயின.

இந்த வேறுபாடு போர்க்களத்தோடு முடிந்துவிடவில்லை. விளையாட்டுத் திடலிலும் அதுவே நிகழ்கிறது. பந்தை வலைக்குள் செலுத்தியவரின் பெயரைச் செய்தித்தாள் பெரிய எழுத்தில் அச்சிடுகிறது. அப்பந்து தம் வலைக்குள் புகாமல் தடுத்தவர், ஆட்டக் கணக்கில் ஒரு சுழியமாக மட்டுமே நிற்கிறார். அந்தச் சுழியத்தை வாசிக்கத் தெரிந்தவனே வரலாற்றை முழுமையாக வாசிக்கத் தெரிந்தவன் என்பதே இக்கட்டுரை நிறுவ விழையும் கருத்தாகும்.

எண் இல்லாத உழைப்பு

இக்கருத்துக்கு மிகத் தெளிவான சான்று அமெரிக்க நாட்டில் உள்ளது. அங்கே ஆடப்பெறும் அமெரிக்கக் காற்பந்து நம்முடைய காற்பந்தன்று. நீள்வட்டப் பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டம் அது. பதினொருவர் கொண்ட தாக்கும் அணியில் ஐவர் முன்வரிசையில் நிற்பர். நடுவில் ஒருவர், அவருக்கு இருபுறமும் இரு காவலர், அவர்க்கு அப்பால் இரு தடுப்பாளர். தம் பின்னே நிற்கும் பந்தெறிபவரை எதிரணியினர் வந்து வீழ்த்தாதவாறு தம் உடலையே மதிலாக்கி நிற்பது இவர்தம் கடமை. முன்னோக்கி எறியப்பட்ட பந்தைப் பிடித்து ஓடும் உரிமையும் பொதுவாக இவர்க்கு இல்லை. பந்தெறிபவரை வீழ்த்திய எதிரணி வீரரின் கணக்கு 1982ஆம் ஆண்டு முதல் முறையாகப் பதிவு செய்யப்பட்டு வருகிறது. ஆனால், அவர் வீழாதபடி ஒரு பருவம் முழுதும் காத்தவருக்கு அத்தகைய எண் எதுவும் அக்காலத்தில் வகுக்கப்படவில்லை.

அந்தோனி முனோஸ் என்பார் அவ்வரிசையில் இடப்புறத் தடுப்பாளராக விளங்கியவர். 1980ஆம் ஆண்டு சின்சினாட்டி பெங்கால்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. 1992 வரை 13 பருவங்கள் அவ்வணிக்காகவே ஆடினார். அவற்றுள் 11 பருவங்களில் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரருள் ஒருவராகத் தெரிவு செய்யப்பெற்றார். 1998இல் அவ்வாட்டத்தின் புகழ்மன்றம் அவரை ஏற்றுக்கொண்டது. புள்ளிக் கணக்கைக் கொண்டு அவர் பெருமையை அளந்திருந்தால் அது சிறிதாகவே தோன்றியிருக்கும். அவரை அளந்தவர்கள், அவர் நின்ற இடத்தில் என்னென்ன நிகழாமற்போயின என்று எண்ணிப் பார்த்தவர்கள்.

முனோஸ் தம் தொழில் வாழ்வைத் தொடங்கிய அதே 1980ஆம் ஆண்டில், நம் நாட்டின் தலைநகரில் நிகழ்ந்ததொரு நிகழ்ச்சியை இனிக் காண்போம்.

துறைமுகத்துப் பிள்ளை

போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அந்நாளில் வழங்கப்பட்ட கிள்ளான் துறைமுகத்தில் 1953ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 31ஆம் நாள் பிறந்தவர் ஆர். ஆறுமுகம். சிலாங்கூர் மாநில அணிக்கும் மலேசிய நாட்டு அணிக்கும் கோல் காவலராக நின்று புகழ்பெற்றவர் அவர். நீண்ட கைகளை உடையவர். கோல் கம்பத்தின் இரு மூலைகளுக்கும் அக்கைகள் எட்டிய திறம் கண்டு மக்கள் அவரைச் சிலந்தி மனிதர் என்னும் பொருள்பட ‘ஸ்பைடர்மேன்’ என்றழைத்தனர். இனம், மொழி கடந்து நாடு முழுதும் வழங்கிய பெயர் அது.

அவர் ஆடிய காலம் மலேசியக் காற்பந்தின் பொற்காலம் எனப் போற்றப்படுகிறது. 1974ஆம் ஆண்டு தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் மலேசியா வடகொரியாவை 2–1 என வென்று வெண்கலம் பெற்றது. 1977இல் கோலாலம்பூரில் நடைபெற்ற சீ விளையாட்டின் இறுதியாட்டத்தில் தாய்லாந்தை 2–0 என்றும், 1979இல் ஜகார்த்தாவில் இந்தோனேசியாவை அதன் சொந்த மண்ணிலேயே 1–0 என்றும் வென்று தங்கம் பெற்றது. இவ்விரு இறுதியாட்டங்களின் முடிவுகளிலும் எதிரணியின் பக்கத்தில் சுழியம் இருப்பதை மாணவர்கள் நோக்குக. மலேசியாவின் கோல்களை அடித்தவர் யார் என்று வினவுவோர் பலர். அச்சுழியங்களை ஈட்டியவர் யாவர் என்று வினவுவோர் சிலரே.

காவல் என்பது ஒருவரால் ஆவதன்று. ஆறுமுகத்துக்கு முன்னே மலாக்கா தந்த சோ சின் ஆன் நின்றார். ‘தௌக்கே’ என்று அன்போடு அழைக்கப்பட்ட அவர், 1969 முதல் 1984 வரை நாட்டுக்காக ஆடியவர். அவரோடு தோள்சேர்த்து நின்றவர் சந்தோக் சிங். இவ்விருவர்க்கும் மூத்தவரான எம். சந்திரன், 1972ஆம் ஆண்டு மூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய மலேசிய அணியின் தற்காப்பு வரிசையில் நின்றவர். பின்னாளில் நாட்டு அணியின் பயிற்றுநராகவும் பணியாற்றியவர். ஒரு சீனர், ஒரு சீக்கியர், ஒரு தமிழர் ஒரே வலையைக் காத்து நின்ற அக்காட்சியை, ஒற்றுமை பற்றிய பாடங்களில் நாம் இன்னும் போதிய அளவு பயன்படுத்திக் கொள்ளவில்லை.

அதே தலைமுறையின் தாக்குதல் ஆட்டக்காரர் மொக்தார் டஹாரியின் புகழை மறுப்பார் இலர். நாட்டுக்காக 142 ஆட்டங்களில் 89 கோல்கள் அடித்தவர் அவர். அந்த 89 என்னும் எண்ணை நம் மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வர். ஆறுமுகத்துக்கு அப்படிச் சொல்வதற்கு ஓர் எண் இல்லை. தடுக்கப்பட்ட பந்துகளை அந்நாளில் எண்ணி வைத்தவர் எவர்?

ஏப்ரல் 6

மாஸ்கோ ஒலிம்பிக் விளையாட்டுக்கான ஆசியத் தகுதிச் சுற்றின் ஒரு குழு 1980ஆம் ஆண்டு கோலாலம்பூரில் ஆடியது. மலேசியா, தென்கொரியா, ஜப்பான், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், புருணை ஆகிய ஆறு நாடுகள் அதில் பங்கேற்றன. குழு ஆட்டங்களின் முடிவில் மலேசியாவும் தென்கொரியாவும் முன்னின்றன. ஏப்ரல் 6ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் இவ்விரு அணிகளும் இறுதியாக மோதின. 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31இல் நாட்டின் விடுதலை முழங்கிய அரங்கம் அது. ஹசான் சானி கடத்திய பந்தைச் சபாவைச் சேர்ந்த ஜேம்ஸ் வோங் கோலாக்க, மலேசியா 2–1 என வென்றது. மாஸ்கோ செல்லும் உரிமை கைக்கு வந்தது.

ஆயினும், அவ்வணி மாஸ்கோ செல்லவில்லை. 1979ஆம் ஆண்டு திசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்து, அமெரிக்கா தலைமையில் பல நாடுகள் அவ்வொலிம்பிக்கைப் புறக்கணித்தன. மலேசியாவும் அப்புறக்கணிப்பில் சேர்ந்தது. மலேசியாவின் இடத்தில் ஈராக் ஆடியது; காலிறுதி வரை முன்னேறவும் செய்தது. மலேசியக் காற்பந்து அணியோ 1972ஆம் ஆண்டு மூனிக்குக்குப் பின், 2024ஆம் ஆண்டு பாரிஸ் விளையாட்டு வரையிலும் ஒலிம்பிக் திடலில் கால் பதிக்கவில்லை.

இவ்விடத்தில் மற்றொரு செய்தியையும் ஒப்பிட்டு நோக்குதல் தகும். இந்தியா மாஸ்கோவுக்குத் தன் அணிகளை அனுப்பியது. அந்நாட்டின் வளைகோல் பந்தாட்ட அணி, இறுதியாட்டத்தில் ஸ்பெயினை 4–3 என வென்று தங்கம் பெற்றது. அவ்வணியின் தலைவர் தமிழகத்தைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன்; அவரும் இடைவரிசையில் நின்று ஆடியவரே. ஒரே ஆண்டில், ஒரே ஒலிம்பிக்கின் வாயிலில், ஒரு தமிழருக்குக் கதவு திறந்தது. மற்றொரு தமிழருக்கு அது மூடிக்கொண்டது. திறமை இருவரிடத்தும் இருந்தது. வாய்ப்பை வகுத்தது நாடுகளின் அரசியல். தனிமனிதரின் முயற்சியும் உலக நிகழ்ச்சிகளும் எவ்வாறு ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன என்பதை மாணவர்க்கு விளக்க இதனினும் எளிய எடுத்துக்காட்டு வேண்டுமோ?

புறக்கணிப்பு சரியா தவறா என்று தீர்ப்பு வழங்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது படையெடுப்பதைக் கண்டிப்பதற்கு அறம் சார்ந்த காரணம் உண்டு. அதன் விலையை இளம் விளையாட்டாளர் சிலர் தம் வாழ்நாள் வாய்ப்பால் செலுத்தினர் என்பதும் உண்மை. இவ்விரண்டனுள் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது வரலாறு ஆகாது.

ஆறுமுகத்துக்கு அப்போது வயது 27. வாய்ப்புப் பறிபோயிற்று என்று அவர் திடலைவிட்டு விலகிவிடவில்லை. அதன் பின்னும் பல்லாண்டுகள் நாட்டின் வலையைக் காத்தார். 1988ஆம் ஆண்டு திசம்பர் 18ஆம் நாள் சாலை விபத்தொன்றில் உயிர் நீத்தார். 35 வயது அவருடைய முடிவாக அமைந்தது.

நினைவும் வரலாறும்

ஒரு தலைமுறை கழிந்தது. 2016ஆம் ஆண்டு சியூ கெங் குவான் இயக்கத்தில் ‘ஓலா போலா’ என்னும் திரைப்படம் வெளிவந்தது. 1980ஆம் ஆண்டின் வெற்றியைத் தழுவி எழுந்த அப்படத்தில் வரும் முத்து என்னும் கோல் காவலர் பாத்திரம் பலருக்கு ஆறுமுகத்தை நினைவூட்டிற்று. மறந்துபோன ஒரு வெற்றியை இளையோர் மீண்டும் அறிந்தனர். அது போற்றத்தக்கதே. எனினும், படத்தில் மலேசியா 3–2 என வெல்கிறது; வரலாற்றில் அது 2–1. கதைக்கு அந்த மாற்றம் தேவைப்பட்டிருக்கலாம். ஆசிரியருக்கோ அந்த ஒரு கோல் வேறுபாடு முக்கியமானது. மெய்யான ஆட்டத்தில் மலேசியாவின் வலைக்குள் புகுந்தது ஒரே பந்து. படத்தில் புகுந்தவை இரண்டு. காத்தவரின் உழைப்பில் பாதியைக் கதை எடுத்துக்கொண்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

தமிழ்ப்பெயர் தாங்கிய காவலர் நம் நாட்டுக்கு மட்டும் உரியவரல்லர். இந்திய அணியின் கோல் காவலராக விளங்கிய பீட்டர் தங்கராஜ், 1956 மெல்பர்ன், 1960 ரோம் ஆகிய ஒலிம்பிக்குகளில் இடம்பெற்றவர். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியினர். 1967இல் அருச்சுனா விருது பெற்றவர்.

நாம் வாழும் ஜொகூர் மாநிலத்துக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 1985ஆம் ஆண்டு ஜொகூர் அணி, இறுதியாட்டத்தில் கோலாலம்பூரை 2–0 என வென்று மலேசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. 2015ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் தஜிகிஸ்தானின் டுஷான்பே நகரில், ஜொகூர் டாருல் தக்சிம் அணி இஸ்திக்லோல் அணியை 1–0 என வென்று ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்புக் கிண்ணத்தைப் பெற்றது. தென்கிழக்காசியாவிலிருந்து அக்கிண்ணத்தை வென்ற முதல் அணி அதுவே. ஓட்ட வேகத்தால் பெயர் பெற்ற வலப்புறத் தற்காப்பு ஆட்டக்காரர் எஸ். குணாளன் அக்காலத்து ஜொகூர் அணியில் இருந்தவர். ஈண்டும் வெற்றிக் கோலை அடித்தவரை ஊர் அறியும். ஈண்டும் எதிரணியின் பக்கத்தில் ஒரு சுழியம் நிற்கிறது.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்

நம் தமிழ்ப்பள்ளித் திடல்களில் அணி பிரிக்கும்போது, பிள்ளைகள் அனைவரும் முன்வரிசைக்கே ஓடுகின்றனர். எஞ்சியவனை, பெரும்பாலும் ஓட இயலாதவனை, கோல் கம்பங்களுக்கிடையே நிறுத்துகிறோம். காவல் என்பது திறமையற்றவர்க்கு ஒதுக்கப்பட்ட இடம் என்னும் பாடத்தை நாம் அறியாமலேயே அங்குக் கற்பித்துவிடுகிறோம். காவலனின் பிழை எல்லார் கண்ணிலும் படும். அவன் திறமையோ எவர் கண்ணிலும் படுவதில்லை. அத்தகைய இடத்தில் உறுதியோடு நிற்பதற்கு மிகுந்த மனத்திண்மை வேண்டும். அதனை மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டியவர் ஆசிரியரே.

நம் சமுதாய வரலாறும் பெரும்பகுதி இத்தன்மையதே. இருப்புப்பாதை போட்டவர், துறைமுகத்தில் சுமை தூக்கியவர், பால்மரக் காட்டில் விடியற்காலையில் நின்றவர் ஆகியோரின் பெயர்கள் எந்தக் கணக்கேட்டிலும் முன்பக்கத்தில் இல்லை. அவர்கள் இல்லாதிருப்பின் என்ன ஆகியிருக்கும் என்று வினவும்போதுதான் அவர்தம் உழைப்பு கண்ணுக்குப் புலப்படும்.

ஆதலின், ஒவ்வொரு பள்ளியும் தன் வட்டாரத்தில் ஆடிய மூத்த விளையாட்டாளரைத் தேடிச் சென்று, அவர்தம் வாய்மொழியைக் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். கோல் அடித்தவரை மட்டுமன்றி, தற்காப்பில் நின்றவரையும், மாற்றாளராக அமர்ந்திருந்தவரையும், திடலுக்குக் கோடு போட்டவரையும் கேட்டறிதல் வேண்டும். மூத்தோர் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். நாள் தாழ்த்தினால் அவர் நினைவும் அவரோடு போகும். மதில் காத்தவர்க்கு ஒரு பூவும் ஒரு திணையும் தந்த மொழி நம்முடையது. அம்மொழியைக் கற்பிக்கும் நாம், நம் கண்முன் காவல் நின்றவர்க்கு ஒரு பக்கமேனும் எழுதித் தருதல் கடனன்றோ!