ஃபிஷர் சமன்பாடும் பரவல் அலையும்

ஓர் உயிரினமோ மரபணுவோ நிலப்பரப்பில் முன்னேறும் வேகத்தைக் கணிக்கும் அடிப்படைக் கணித மாதிரி ஃபிஷர் சமன்பாடு. நன்மை தரும் மரபணு ஒன்று கடற்கரை போன்ற நீளவாக்கில் அமைந்த வாழிடத்தில் எப்படிப் பரவும் என்று ஆராய்ந்த ரொனால்டு ஃபிஷர் 1937இல் இதை வெளியிட்டார். அதே ஆண்டு மாஸ்கோவில் கோல்மோகோரோவ், பெட்ரோவ்ஸ்கி, பிஸ்குனோவ் மூவரும் இதைப் பொதுமைப்படுத்தி முறையாக நிறுவினர்.

சமன்பாட்டில் இரண்டே செயல்கள்தாம். உயிரிகள் திசையின்றி அலைந்து விரவுகின்றன. இடம் நிரம்பும்வரை பெருகுகின்றன. விரவல் மட்டும் இருந்தால் பரவும் தூரம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கூடும், போகப்போக மந்தமாகும். பெருக்கமும் சேரும்போது, வடிவம் குலையாத அலைமுகப்பு ஒன்று மாறா வேகத்தில் நகர்கிறது. வளர்ச்சி வீதத்தையும், எவ்வளவு விரைவாக விரவுகின்றன என்பதைக் குறிக்கும் விரவல் கெழுவையும் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, அதை இரட்டித்தால் அந்த வேகம் கிடைக்கும். ஆக, வளர்ச்சி வீதம் நான்கு மடங்கானாலும் வேகம் இரண்டு மடங்குதான் ஆகும்.

வியப்பு, இந்த வாய்பாட்டில் இல்லாத ஒன்றில் இருக்கிறது: நிலம் எத்தனை உயிரிகளைத் தாங்கும் என்ற எண்ணுக்கு இங்கே வேலையே இல்லை. முகப்பில் சிதறிக் கிடக்கும் சிலவே வேகத்தைத் தீர்மானிக்கின்றன, பின்னால் நெரிசலில் இருக்கும் கூட்டம் அல்ல. ஊடுருவும் உயிரினத்தை அது மண்டிய நடுப்பகுதியில் மட்டும் அழித்தால் பரவல் குறையாது என்பதற்கு இதுவே காரணம்.

மாதிரிக்குப் பெயர்பெற்ற சான்று மஸ்க்ராட். வட அமெரிக்காவைச் சேர்ந்த இந்த நீர்க்கொறிணிகள் சில 1905இல் பிராகுக்கு அருகே வெளியேறி, நடு ஐரோப்பா எங்கும் பரவின. அவை பிடித்த பரப்பளவின் வர்க்கமூலத்தைக் காலத்துக்கு எதிரே வரைந்தால் ஏறக்குறைய நேர்கோடு வருவதை ஜான் ஸ்கெல்லம் 1951இல் காட்டினார். பிரிட்டனின் ஓக் மரங்கள் மட்டும் கணக்குக்குள் அடங்கவில்லை. மரத்தடியில் விழும் கொட்டைகளை வைத்துப் பார்த்தால், பனியுகத்துக்குப் பின் அவை அவ்வளவு வடக்கே சென்றிருக்கவே முடியாது. விலங்குகள் தூக்கிச் சென்றிருக்க வேண்டும் என்று அவர் முடிவுகட்டினார். அரிதாக நிகழும் நெடுந்தாவல்களைச் சாதாரண விரவலால் விவரிக்க இயலாது.

கரும்பு வண்டுகளை ஒழிக்க 1935இல் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவரப்பட்ட தேரைகள் மாறா வேகம் என்ற முடிவையே மீறின. தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 10 கிலோமீட்டர் நகர்ந்த முகப்பு, பின்னர் 50ஐத் தாண்டியது. நீண்ட கால்களுடைய வேகமான தேரைகள் முகப்பில் ஒன்றுசேர்ந்து, தமக்குள்ளேயே இனம் பெருக்கின. விரவல் கெழுவை மாறிலியாகக் கொண்ட மாதிரியில், தலைமுறைதோறும் அந்தக் கெழுவே மாறுவதற்கு இடமில்லை.