இடது கால் மந்தும் எங்கள் வீட்டுப் பாட்டியும்

போன மாதம் கிளையில் ஒரு பழைய வாராக்கடன் பற்றிப் பேச்சு. புதுக் கடன் கொடுத்துப் பழையதை அடைத்துவிடலாமே என்று ஒருவர் சொன்னார். பக்கத்து மேசை மலையாளி நண்பர் சிரித்துக்கொண்டே, "இடது கால் மந்தை வலது காலுக்கு மாற்றின கதைதான் சார்" என்றார்.

மந்து என்றால் நம் ஊர் யானைக்கால். நாராணத்துப் பிராந்தன் என்றொரு பித்தர் கதை கேரளத்தில் எல்லோருக்கும் தெரியும். சுடுகாட்டில் காளி வந்து வரம் கேள் என்கிறாள். அவரோ, ஒரு காலில் இருக்கும் மந்தை மறு காலுக்கு மாற்று, போதும் என்கிறார். எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் கும்பகோணத்து வீட்டுத் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் பாட்டி நினைவு வந்துவிட்டது.

நான் படித்தது பி.காம். மருத்துவம் எனக்குத் தூரம். ஆனாலும் மட்டாஞ்சேரியில் வேலைக்கு வந்தபிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். காரணம், அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் இந்த நோய்க்கு வைத்த பெயரே 'கொச்சிக் கால்'!

16ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். புனித தோமாவைக் கொன்றவர்களின் வம்சத்துக்கு வந்த சாபம் என்பது அவர் கேட்ட கதை. சாபமோ இல்லையோ, பரம்பரையாக வருவது என்ற எண்ணம் அப்போதே இருந்திருக்கிறது.

எங்கள் வீட்டில் அந்த எண்ணம்தான் வில்லன். அத்தைக்கு வந்த வரன்கள் பாட்டியின் காலைப் பார்த்ததும் நின்றுபோயின. "குடும்ப வியாதி" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அத்தைக்குக் கடைசிவரை கல்யாணம் ஆகவில்லை.

உண்மை என்ன? 1872ல் கல்கத்தாவில் திமோதி லூயிஸ் மனித ரத்தத்தில் நுண்புழுக்களைக் கண்டார். 1877ல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன், அந்தப் புழு கொசுவின் உடலுக்குள் வளர்வதைக் கண்டுபிடித்தார். நுண்புழுக்கள் ராத்திரியில்தான் ரத்தத்தில் அதிகம் நடமாடும். சின்ன வயதில் சுகாதாரத் துறைக்காரர்கள் இரவில் தூங்குகிறவர்களை எழுப்பி விரலில் குத்தி ரத்தம் எடுத்தது அதனால்தான். நாங்கள் திட்டிக்கொண்டே கை நீட்டுவோம்.

நான் தினமும் நடக்கும் யூதத் தெருவுக்கும் இதில் பங்கு உண்டு. 1948ல் இஸ்ரேல் உருவானதும் கொச்சி யூதர்கள் அங்கே குடியேற விரும்பினார்கள். இவர்கள் மூலம் யானைக்கால் பரவிவிடுமோ என்று அங்கிருந்த சுகாதார அதிகாரிகள் பயந்ததால் பயணம் தாமதமானது. பெரும்பாலோர் போனது 1954 வாக்கில்தான். ஒரு புழு, ஒரு சமூகத்தையே வாசலில் நிறுத்திவைத்திருக்கிறது!

இனி மரபணு விஷயம். தென்னிந்தியாவில் யானைக்காலை உண்டாக்கும் புழுக்கள் இரண்டு. கும்பகோணத்திலும் கொச்சியிலும் பெரும்பாலும் வுச்செரேரியா. இங்கிருந்து தெற்கே, சேர்த்தலைப் பக்கம் புரூஜியா. இந்தப் புரூஜியாவின் முழு மரபணுத் தொகுப்பு 2007ல் வெளியானது. சுமார் 11,500 மரபணுக்கள் என்று மதிப்பிட்டார்கள்.

அதைவிடச் சுவாரசியம், புழுவுக்குள் ஒரு குடித்தனக்காரன் இருப்பது. ஒல்பாக்கியா என்ற பாக்டீரியா. அதன் மரபணுத் தொகுப்பு 2005ல் வந்தது. புழுவால் தானே தயாரிக்க முடியாத சில சத்துகளை இது தயாரித்துத் தருவதாக அந்த மரபணுக்கள் காட்டின. குடித்தனக்காரன் செத்தால் வீட்டுக்காரனும் மெல்லச் சாவான். 2005ல் வெளியான ஓர் ஆய்வின்படி, தான்சானியாவில் 8 வாரம் டாக்சிசைக்ளின் கொடுத்துப் பார்த்தபோது, பெரும்பாலோர் உடலில் வளர்ந்த புழுக்கள் காணாமல் போயின. சாதாரண ஆன்டிபயாடிக்!

சரி, கால் ஏன் வீங்குகிறது? வளர்ந்த புழு நிணநீர்க் குழாய்களில் குடியிருந்து அவற்றை விரியவைத்துப் பழுதாக்குகிறது. புழு சாகும்போது வெளிவரும் ஒல்பாக்கியா நம் எதிர்ப்புச் சக்தியைக் கிளறிவிடுகிறது. நீர் தேங்கிய காலில் விரலிடுக்குப் புண் வழியே வேறு கிருமிகள் நுழைய, காய்ச்சலும் வீக்கமும் மாறி மாறி வந்து தோல் தடிக்கிறது. புழு இருந்தும் எல்லோருக்கும் வீங்குவதில்லை. அதில் நம் மரபணுக்களுக்கும் ஓரளவு பங்கு இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் கொசு கடித்துப் புழு வராமல், எந்தப் பரம்பரையாலும் யானைக்கால் வராது. ஒரே தெரு, ஒரே சாக்கடை, ஒரே கொசு. அதைத்தான் வம்சம் என்று நினைத்துவிட்டோம்.

இலங்கை 2016லேயே இந்நோயை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நம் நாட்டின் இலக்கு 2027. மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வருபவர்களிடம் வாங்கி, அவர்கள் எதிரிலேயே விழுங்கிவிடுங்கள். வீங்கிய கால் உள்ளவர்கள் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி ஈரம் போகத் துடைத்தாலே காய்ச்சல் வருவது வெகுவாகக் குறையும். பாட்டிக்கு இதை யாரும் சொல்லவில்லை.

இதையெல்லாம் போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அத்தையிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்போ அம்மா மேல தப்பில்லைன்னு சொல்றே" என்றார். ஆமாம் அத்தை என்றேன். வேறொன்றும் பேசாமல் காபி போட எழுந்து போனார்.