தொலைநகலும் வெண்மையின் கணக்கும்

எழுதிய தாளொன்றில் மை படிந்த இடத்தினும் படியாத இடமே மிகுதி. இவ்வெளிய உண்மையைக் கணக்கிற் கொண்டமையே, கறுப்பு வெள்ளைப் படங்களைச் சிறு கருவிகளுள் அடக்கிய வரலாற்றின் திருப்பமாயிற்று. தொலைநகல் இதற்குத் தக்க சான்றாகும்.

தொலைநகற் கருவி ஏ4 தாளின் ஒவ்வொரு வரியையும் 1728 புள்ளிகளாகப் பகுத்து நோக்கும். புள்ளிக்கு ஒரு பிற்று எனக் கொண்டால், ஏறத்தாழ 1140 வரிகள் கொண்ட தாளுக்கு இருபது இலட்சம் பிற்றுகள் வரையில் வேண்டும். செக்கனுக்கு 4800 பிற்றுகள் செல்லும் தொலைபேசி இணைப்பில் அதனை அனுப்ப ஏழு நிமிடமளவு செல்லும்.

இவ்விடரைத் தீர்த்த கருத்து ஒரு மாணவரின் கட்டுரையிற் பிறந்தது. 1951இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில், இறுதிப் பரீட்சைக்கு மாற்றாகக் கட்டுரை எழுத முனைந்த டேவிட் ஹஃப்மன், அடிக்கடி வருவதற்குக் குறுங்குறியும் அருகி வருவதற்கு நெடுங்குறியும் வழங்கும் மிகச் சிக்கனமான முறையைக் கண்டார். 1980இல் சர்வதேசத் தந்தி தொலைபேசி ஆலோசனைக் குழு வகுத்த மூன்றாம் தொகுதித் தரம் இதனைத் தழுவியது. தனிப் புள்ளிகளுக்குப் பதிலாக, ஒரே நிறம் தொடரும் நீளமே குறிக்கப்பட்டது. இரு கறுப்புப் புள்ளிகளின் தொடருக்கு 2 பிற்றுகளும், வரியிறுதிக் குறி நீங்கலாக, வெற்று வரி முழுவதற்கும் 17 பிற்றுகளும் போதுமாயின. சாதாரண தாளொன்று ஏறத்தாழ ஒரு நிமிடத்திற் சென்றடைந்தது.

ஒவ்வொரு வரியும் தனித்தே குறிக்கப்பட்டமையால், 216 பைற்றுகள் கொண்ட ஒரு வரியை ஏற்கும் சிறு நினைவகமே அதற்குப் போதுமாயிற்று. இணைப்பில் நேரும் பிழையும் தாள் முழுவதையும் கெடுக்கவில்லை.

இம்முறையை ஆராயப் பயன்பட்ட எட்டு மாதிரித் தாள்களுள் தமிழ்த் தாள் இல்லை. ஆயினும், எழுத்தையே அறியாத இம்முறை எவ்வெழுத்தையும் ஒதுக்கவில்லை. 1991இல் யுனிக்கோட்டில் தமிழ் இடம்பெறுமுன்னரே தமிழ்க் கையெழுத்து தொலைநகலிற் சென்றது. செறிந்த எழுத்துக்கு நேரம் சற்றுக் கூடிற்று, அவ்வளவே.