மெட்டல் ரசிகர் சமூகம்

ஹெவி மெட்டல் இசையைச் சுற்றி உருவாகி, உடை, சைகை, கச்சேரி வழக்கங்கள் ஆகியவற்றால் தன்னை அடையாளப்படுத்திக்கொள்ளும் பன்னாட்டு ரசிகர் கூட்டம். ராக் இசையின் துணைப்பண்பாடுகளுள் ஒன்று.

இதன் வரலாறு பொதுவாக இங்கிலாந்தின் தொழில் நகரான பர்மிங்காமில் 1968இல் தோன்றிய பிளாக் சாபத் குழுவிலிருந்து எழுதப்படுகிறது. அதன் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, உலோகத் தகடு ஆலை விபத்தில் வலக்கையின் இரு விரல்நுனிகளை இழந்தவர். பின்னாளில் தந்திகளைத் தளர்த்தி அவர் எழுப்பிய கனத்த ஒலி இவ்வகை இசையின் முத்திரையாயிற்று.

குழுப் பெயர்கள் தைத்த கையில்லா மேற்சட்டை, தாளத்துக்குத் தலையாட்டல், சுட்டுவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டும் கொம்புச் சைகை ஆகியவை ரசிகர் அடையாளங்கள். சாத்தான் குறி எனத் தூற்றப்பட்ட கொம்புச் சைகை, பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோ தம் இத்தாலியப் பாட்டியிடம் கண்ட கண்ணேறு கழிக்கும் முத்திரையே.

மேடைமுன் ஒருவரையொருவர் மோதி ஆடும் ‘மோஷ் பிட்’ 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க ஹார்ட்கோர் பங்க் இசையிலிருந்து வந்தது. பார்வைக்குக் கைகலப்பு, எனினும் விழுந்தவரை உடனே தூக்கிவிடுவது அதன் எழுதப்படாத விதி.

வன்முறையைத் தூண்டுவதாக இவ்விசைமீது குற்றச்சாட்டு நெடுநாள் உண்டு. 1985இல் அமெரிக்க செனட் பாடல்வரிகள் குறித்து விசாரணை நடத்தியது. குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2015இல் வெளியிட்ட ஆய்வில், கோபமூட்டப்பட்ட 39 ரசிகர்களுள் இசை கேட்டோரின் கோபம் கூடவில்லை, தணிந்தது. அமைதியாக அமர்ந்திருந்தோருக்கும் தணிந்தது என்பதையும் சேர்த்தே இதை மதிப்பிட வேண்டும்.

இச்சமூகத்தின் பெருக்கத்துக்குச் சான்றாக, சுமார் 2,000 பேர் வாழும் வட ஜெர்மானியச் சிற்றூரான வாக்கனில் 1990 முதல் நடக்கும் மெட்டல் விழாவுக்கு அண்மைக் காலத்தில் 85,000 பேர்வரை வருகின்றனர்.